எலிசாள் வாசிக்க, செல்லபாய் தட்ட

செல்லபாய்க்குப் பெரிய ஆசைகள் என்று எதுவும் இருந்ததில்லை. கடைசியாக ஒன்று இருந்தது, அதுவும் சின்ன ஆசைதான். பகலில் புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஆசைக்குக்கூட ஒரு கம்பெனி, ஒரு மேலாளர், ஒரு மாதச் சோதனை, ஒரு லேப்டாப் எல்லாம் வேண்டியிருந்தது.

புருஷன் ராஜையன் கொத்தனார். குழித்துறைப் பக்கத்திலிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்குப் போய் ஊரான் வீட்டுச் சுவரையெல்லாம் கட்டியவன். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குடியிருப்பதற்காக எழும்பிய ஒரு அடுக்குமாடியில் சாரத்திலிருந்து விழுந்தான். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். அடிக்கடி புரட்டிப் போட வேண்டும், ஒரே பக்கம் கிடந்தால் முதுகில் புண் வரும், வந்தால் லேசில் ஆறாது.

சொல்லிவிட்டுப் போக டாக்டருக்கு என்ன? செல்லபாய் விடியற்காலை ரயிலைப் பிடித்தால் வீடு திரும்ப இருட்டிவிடும். பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டு மாடம்மாள் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை தல்லி உடைக்கிறவள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது எட்டிப் பார்த்து, கஞ்சி கொடுத்து, ஒருமுறை புரட்டிப் போட்டுவிட்டு ஓடுவாள். அவளால் ஆனது அவ்வளவு. மற்ற நேரமெல்லாம் ராஜையன் வைத்த பக்கம் கிடப்பான். புண் வந்துவிட்டது. ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது செல்லபாய்க்குத் தன் முதுகே எரிவது போலிருக்கும். வேலையை விட்டுவிடலாம் என்றால், அவள் சம்பளம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

அந்த வேலை கொஞ்சம் வேடிக்கையானது. செல்லபாய் பிறந்தது எல்லையின் கேரளப் பக்கம், பாறசாலையில். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டிலும் சபையிலும் தமிழ். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இரண்டு மொழியும் இரண்டு கைபோல. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு சந்துக்குள் மாடிமேல் இருந்த ஒரு மலையாளப் பத்திரிகைக் கம்பெனி, தன் பெண்கள் மாதமிருமுறைக்குத் தமிழ்ப் பதிப்பு ஒன்று ஆரம்பித்தபோது அவளைச் சேர்த்துக்கொண்டது. மலையாளப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் தட்டிக்கொண்டு போவாள். நடுவில் தாளில் எழுதிப் பார்ப்பதெல்லாம் கிடையாது. மாமியாரை வசப்படுத்துவது, மாசமாயிருக்கும்போது மாம்பழம் சாப்பிடலாமா என்பது, தொடர்கதை, ராசிபலன் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் தமிழுக்கு வந்தன.

தமிழ்ப் பகுதி என்பது ஒரு அறை, இரண்டு மேசை, இரண்டு பேர். இன்னொருவர் நீலகண்டன். கோட்டைக்குள் அக்ரகாரத்துக்காரர், செல்லபாய் தட்டியதைத் திருத்துவது அவர் வேலை. நடந்தே ஆபீசுக்கு வருவார், நடந்தே சாப்பிடப் போவார். இரண்டு பேரும் பல வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு சண்டை கூடப் போட்டதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் அஜீஷ் மேலாளராக வந்தான். நெய்யாற்றின்கரைக்காரன், வீட்டில் தமிழ் பேசுகிறவன்தான், ஆனால் ஆபீசில் அதைப் பேச வேண்டி வந்தால் மலையாளத்தைக் கலந்து தொண்டைக்குள் இறக்குவான். ஒருநாள் தமிழ்ப் பகுதிக்குள் வந்து செல்லபாயின் மேசையில் ஒரு சின்ன லேப்டாப்பை வைத்தான். அந்தக் காலத்தில் புதிதாகக் கடைக்கு வந்திருந்த நெட்புக். கறுப்பு நிறம். மூடினால் ஒரு பைபிளைவிடக் கொஞ்சம் பெரிது.

"சேச்சி தெவசவும் ட்ரெயினிலல்லே வருது? ஒரு மாசம் இதைக் கொண்டு நடக்கணும். கனம் உண்டோ, பேட்டரி நிக்குமோ, யாத்ரையில வர்க் நடக்குமோ, எல்லாம் நோக்கிட்டு எனக்கிட்ட சொல்லணும்" என்றான்.

"நல்லாருக்கு, கொள்ளாம்னு சொன்னா என்ன செய்வீங்க சாரே?"

"கொள்ளாம்னா சேச்சிக்குத்தான் சுகம். வீட்டிலிருந்தே செய்யலாம். ஆபீசுக்கு வரவே வேண்டா."

செல்லபாய் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் 'வீட்டிலிருந்தே' என்ற சொல் காதில் விழுந்த பிறகு வேறு எந்தச் சொல்லும் அவள் காதில் ஏறவில்லை.

அன்றைக்கு வீட்டில் லேப்டாப்பைத் திறந்து ராஜையன் முகத்துக்கு நேரே காட்டினாள். அவன் கவிழ்ந்து படுத்திருந்தான். புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டுக் காற்றுக்காக அப்படிப் போட்டிருந்தாள்.

"இது நல்லதுன்னு நான் சொல்லிட்டா வீட்டுல இருந்து வேலை பாக்கலாமாம்" என்றாள்.

"பகலுக்கெல்லாம் நீ இஞ்ச இருப்பியா பிள்ளே?"

"ஆமா, பின்னே?"

ராஜையன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முகத்தை எடுக்காமலே, "அப்போ நல்லதுன்னே சொல்லிரு" என்றான். அவள் சிரித்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆனால் செல்லபாய் பொய் சொல்லத் தெரியாதவள். நல்லது என்று சொல்ல வேண்டுமானால் அது உண்மையிலேயே நல்லதாக இருந்தாக வேண்டும். அதனால் சோதனையை ஒழுங்காகவே ஆரம்பித்தாள். கனத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோள்பையில் சோற்றுப் பாத்திரம், தண்ணீர், குடை எல்லாவற்றோடும் அதையும் வைத்தால், ஒரு உரித்த தேங்காய் கூடுதலாகக் கிடப்பதுபோல இருந்தது, அவ்வளவுதான். புளிக்கறி கொட்டிவிடக் கூடாதே என்று சோற்றுப் பாத்திரத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டாள். பேட்டரியும் தாக்குப்பிடித்தது, ஆபீசில் சார்ஜ் போட்டுக்கொண்டால் போக வரப் போதும்.

மற்றதெல்லாம் பாடுதான். அது பாசஞ்சர் வண்டி. பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். மடியில் வைத்தால் சூடு. துண்டை மடித்துக் கீழே போட்டாள். திரை கண்ணாடிபோலப் பளபளத்து, எழுத்துக்குப் பதிலாக அவள் மூக்கையும் பின்னால் நின்றவளின் குடையையும் காட்டியது. விசைகள் நெருக்கம், அதிலும் வலது ஓரத்தில் இருந்தவை இன்னும் சிறுத்துப்போயிருந்தன. தமிழ் தட்டும்போது வலது கைச் சின்ன விரலுக்கு வேலை அதிகம். அது போய்ப் போய்ப் பக்கத்து விசையில் விழுந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் ஒன்று. ஆபீசில் பெரிய திரையில் மலையாளப் பக்கத்தை ஒரு பக்கமும் தமிழை மறு பக்கமும் வைத்துக்கொண்டு தட்டுவாள். இதில் ஒன்று திறந்தால் மற்றது மறைந்துவிடும். சரி என்று மலையாளத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு வந்தால், தாளைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். இதுபோதாதென்று அவளுக்குக் கிட்டப் பார்க்க ஒரு கண்ணாடி, எட்டப் பார்க்க ஒரு கண்ணாடி. தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துத் தலை சுற்றியது.

முதல் வாரத்தில் போக வர இரண்டு பயணத்தையும் சேர்த்தால் ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. சனிக்கிழமை அஜீஷிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். "எங்கில் வேண்டா சேச்சி, திருப்பிக் கொடுத்துரலாம். மாசம் முடியட்டும்" என்றான். திங்கட்கிழமை ரயில் ஏறும்போது செல்லபாயின் முகம் செத்துப்போயிருந்தது.

அதைப் பார்த்தவள் எலிசாள். பாறசாலையில் ஏறுகிறவள், திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உதவியாக இருப்பவள். அந்தப் பெட்டிக்கு அவள்தான் சட்டாம்பிள்ளை. யார் எங்கே உட்கார வேண்டும், யார் பையை யார் மடியில் வைக்க வேண்டும், காய் நறுக்குகிறவள் குப்பையை எங்கே போட வேண்டும் எல்லாம் அவள் சொல்வதுதான். சீசன் டிக்கெட் எடுத்து வருஷக்கணக்கில் ஒன்றாகப் போகிற பெண்களுக்கு அந்தப் பெட்டி இன்னொரு வீடு. பயறு உரிப்பதும், உள்ளி நறுக்குவதும், தூங்குவதும், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதும் அங்கேதான்.

"என்ன செல்லபாய்க்கா, சாவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கிய?" என்றாள் எலிசாள்.

செல்லபாய் சொன்னாள். லேப்டாப் வேண்டாமென்று போய்விடும், வீட்டில் இருக்க முடியாது, ராஜையன் முதுகில் புண் எலும்பு தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. சொல்லும்போது அழுதுவிட்டாள். பயறு உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"இதுக்கா கரையுதிய? அந்தப் பேப்பரை இங்க தாருங்க" என்று எலிசாள் மடியிலிருந்த தாள்களைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் வாசிக்கியேன். நீங்க தட்டுங்க."

எலிசாள் ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிக்கிறவள். மலையாளத்தை நிறுத்தி, இழுக்காமல், விழுங்காமல் வாசிப்பாள். செல்லபாய் கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டாள். காதில் மலையாளம் விழுந்தது, விரல் தமிழைத் தட்டியது. தாளைப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை. பாலராமபுரம் வருவதற்குள் முதல் வாரம் முழுவதும் செய்ததைவிட அதிகமாகச் செய்துவிட்டாள். அவளுக்கே நம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு பெட்டியே அந்த வேலையில் இறங்கிவிட்டது. வெயில் படாத பக்கத்து ஜன்னல் சீட் செல்லபாய்க்கு என்று ஆயிற்று. குழித்துறையில் அவள் ஏறும்போதே அங்கே யாராவது கைக்குட்டை போட்டு வைத்திருப்பார்கள். திரையில் வெளிச்சம் அடித்தால் ஒருத்தி முந்தானையை விரித்துப் பிடிப்பாள். பாறசாலைக்கு அப்புறம் வழக்கமாகப் பாடுகிற பாட்டைக்கூட நிறுத்திவிட்டார்கள். புதிதாக ஏறி இதைப் பார்த்து முகம் சுளித்தவளை எலிசாள் ஒரு பார்வை பார்த்தாள், அவள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். சாயங்காலமும் அப்படித்தான், டியூட்டி முடிந்து வந்த களைப்பில் எலிசாளின் குரல் கம்மிப்போனாலும் பாறசாலையில் இறங்கும்வரை வாசிப்பை விடமாட்டாள். தொடர்கதைக்கு வந்தால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். அதில் வருகிற டாக்டர் மாப்பிள்ளையைப் பிடிக்காமல் எலிசாள் நடுவில் நிறுத்தித் திட்டுவாள். செல்லபாய் ஒருமுறை அந்தத் திட்டையும் சேர்த்துத் தட்டிவிட்டாள். நீலகண்டன் அதை அடித்துவிட்டு, "யாரிது, இந்த வாய்?" என்று கேட்டுச் சிரித்தார்.

சனிக்கிழமைதோறும் அஜீஷ் கேட்பான். செல்லபாய் எல்லாவற்றையும் சொன்னாள். திரை சின்னது, ஓரத்து விசை சின்னது, இரண்டு பக்கம் ஒன்றாகத் தெரியாது, மடி சுடுகிறது. அவன் தலையாட்டிக்கொண்டே பக்கங்களை எண்ணிப் பார்த்தான். "அதொன்றும் சாரமில்ல சேச்சி. வர்க் நடக்குதல்லே? எனக்கு அது போதும்" என்றான்.

எலிசாள் வாசித்ததை அவள் மறைக்கவில்லை. அது சொல்ல வேண்டிய ஒரு விஷயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெட்டியில் ஒருத்தி தலை பின்னினால் இன்னொருத்தி சீப்பைப் பிடித்துக்கொள்வாள். அதையெல்லாம் யார் போய் மேலாளரிடம் சொல்வார்கள்? எலிசாள் வாசித்ததும் அவளுக்கு அப்படித்தான். லேப்டாப் எப்படி என்று கேட்டார்கள், லேப்டாப்பைப் பற்றிச் சொன்னாள். எலிசாள் எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

மாதம் முடிந்து சில நாளில் அஜீஷ் இருவரையும் கூப்பிட்டான். தமிழ்ப் பகுதி அறையைக் காலி பண்ணப் போகிறார்கள். இருவருக்கும் லேப்டாப் உண்டு. வீட்டில் இருந்தே வேலை. ஆனால் இனி மாதச் சம்பளம் கிடையாது, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

"அத்தனை பக்கமா?" என்றார் நீலகண்டன்.

"சேச்சி ஓடுற ட்ரெயினில இருந்து செய்ததாக்கும் சார். ஆளும் பேரும் நெருக்குற ட்ரெயினு. அப்போ வீட்டில ஸ்வஸ்தமா இருந்தா அதுக்கு இரட்டி செய்யலாமல்லோ? நாங்க இரட்டி கேக்கல்ல. கொஞ்சம் கூடுதல். அத்ரயே உள்ளு."

அறைக்குத் திரும்பி வந்ததும் நீலகண்டன் தன் மேசையிலிருந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"கோச்சுக்காதேங்கோ. இந்த ஆபீஸ்ல, ஃபேனுக்கடியில உக்காந்துண்டு நீங்க தட்டறதை நான் தினம் பாக்கறேன். இங்கேயே இவ்வளவு ஆனதில்லையே. ரயில்ல எப்படிம்மா ஆச்சு?"

"எலிசாள் வாசிச்சுத் தருவா சார். நான் தட்டுவேன்."

"யாரு எலிசாள்?"

செல்லபாய் சொன்னாள். நீலகண்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை அஜீஷ்கிட்ட சொன்னேளா?" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடனே ஓடிப்போய் அஜீஷிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "அது சேச்சியோட சௌகரியம். வீட்டிலயும் ஆரையெங்கிலும் வச்சு வாசிக்கலாமே" என்றான். தலைமை ஆபீசுக்கு எழுதியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னான்.

நீலகண்டன் லேப்டாப்பை வாங்கவில்லை, வேலையை விட்டுவிட்டார். "நேக்கு இதெல்லாம் வேண்டாம்மா, பென்ஷன் இல்லேன்னாலும் கோவில் பிரசாதம் இருக்கு" என்றார். அது வேடிக்கைப் பேச்சு என்று இருவருக்கும் தெரியும். செல்லபாயை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எப்படியானாலும் அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை செல்லபாய் ரயில் ஏறவில்லை. ராஜையன் விடிந்ததிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே போன் அடித்தால்கூட, அவள் எழுந்து எங்கேயோ போய்விடுவாளோ என்று கழுத்தைத் திருப்பினான். அவனை இடப்பக்கம் புரட்டுவாள், வலப்பக்கம் புரட்டுவாள், கவிழ்த்துப் போட்டு முதுகுக்குக் காற்று விடுவாள். ஈரத்துணியை உடனுக்குடன் மாற்றினாள். பொழுது போவதற்குப் பேச்சும் இருந்தது. ஒரு மாதத்துக்குள் புண்ணின் ஓரம் வறள ஆரம்பித்தது. உள்ளே சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது. மாடம்மாள் வந்து பார்த்துவிட்டு, "கர்த்தரு கண்ணு திறந்துட்டாரு" என்றாள்.

பக்கம் மட்டும் ஏறவில்லை. ஆபீசிலிருந்து வந்த மலையாளத் தாளைச் செங்கல்லில் சாய்த்து வைத்துப் பார்த்தாள், சுவரில் ஒட்டிப் பார்த்தாள். தாளைப் பார்க்கிற கண்ணாடியில் திரை மங்கியது, திரையைப் பார்க்கிற கண்ணாடியில் தாள் மங்கியது. நாலு வரி தட்டுவதற்குள் ராஜையனைப் புரட்ட வேண்டும். திரும்பி வந்தால் எந்த வரி என்று தேட வேண்டும். குழித்துறைப் பக்கத்தில் எல்லாரும் மலையாளம் பேசுவார்கள், எழுத்து வாசிக்க ஆள் கிடையாது. வாசிக்கத் தெரிந்த ஒன்றிரண்டு கிழவர்களுக்குக் கண் தெரியாது. போனில் வாசிக்கச் சொல்லலாம் என்றால் ஆஸ்பத்திரியில் எலிசாளைப் போன் தொட விடமாட்டார்கள். செய்து முடித்ததை அனுப்பவும் கிணற்றடிக்குப் போக வேண்டும், அங்கேதான் சிக்னல்.

அஜீஷிடமிருந்து போன் வந்தது. "பேஜ் வரல்லயே சேச்சி" என்றான். முதல் தடவை மரியாதையாக, இரண்டாம் தடவை கொஞ்சம் சுருக்கமாக.

ராஜையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் கிடந்தான். ஒருநாள், "இஞ்ச கொண்டா, நான் வாசிக்கியேன்" என்றான்.

"உங்களுக்கு எழுத்துத் தெரியாதே."

"இத்தனை காலம் அந்தப் பாஷையில ஏச்சு வாங்கியிருக்கேன். எழுத்து மட்டும் என்ன செய்யும்? சொல்லித் தா."

அவள் ஒரு தாளில் மலையாள எழுத்துகளைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். அவன் குப்புறக் கிடந்தபடி அதைத் தரையில் வைத்துப் படித்தான். சில நாள் கழித்து ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தான். பனிக்காலத்தில் உதடு வெடிக்காமல் பார்த்துக்கொள்வது பற்றியது. எழுத்து எழுத்தாகக் கூட்டினான். கூட்டெழுத்து வந்த இடத்தில் நின்றுவிட்டான். இரண்டு வரிக்கு முன்னால் வாசித்தது அவனுக்கே மறந்துபோயிற்று. செல்லபாய் விரலை விசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாடம்மாள் கஞ்சி கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும் பழக்கத்தில் எட்டிப் பார்க்கிற நேரம் வந்துவிட்டது, அந்த ஒரு பக்கம் முடியவில்லை. நெஞ்சை ஊன்றியே கிடந்ததில் ராஜையனுக்கு மூச்சு வாங்கியது.

"போதும், விடுங்க" என்றாள்.

"நாளைக்கு வேகம் வரும் பிள்ளே."

"வரும்" என்றாள். அவன் தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான். அவள் அடுக்களைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் தடவை அஜீஷ் பேசியபோது, அந்த மாதக் கடைசிவரைதான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டான். சென்னையில் ஆள் இருக்கிறதாம். செல்லபாய் அன்றைக்கு ராஜையனைக் குளிப்பாட்டித் துடைத்து, மருந்து வைத்து, உட்கார்ந்து யோசித்தாள். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்தாள்.

காலையில் அவள் சேலை மாற்றுவதை ராஜையன் படுக்கையிலிருந்து பார்த்தான். பையில் சோற்றுப் பாத்திரமும் குடையும் லேப்டாப்பும் போவதைப் பார்த்தான்.

"ஆபீசுதான் இல்லியே. பின்னே எங்க போறே?"

"வேலைக்கு" என்றாள் செல்லபாய். "ரயில்ல இருந்தாத்தான் பக்கம் ஓடுது. எலிசாள் உண்டுல்லியா."

ராஜையனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கண்ணை மூடிக்கொண்டான். "சுவரைப் பாக்கப் போட்டுட்டுப் போ. வாசலைப் பாத்துக்கிட்டுக் கிடந்தா நேரம் போகாது" என்றான். அவள் அப்படியே புரட்டிப் போட்டுவிட்டு வந்தாள்.

பெட்டியில் அவளைப் பார்த்ததும் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஜன்னல் சீட் உடனே காலியாயிற்று. பாறசாலையில் ஏறிய எலிசாள் முகத்தைப் பார்த்தாள், கையை நீட்டித் தாளை வாங்கினாள், வாசிக்க ஆரம்பித்தாள். திருவனந்தபுரம் சென்ட்ரலில் எல்லோரும் இறங்கி அவரவர் வேலைக்கு ஓடினார்கள். செல்லபாய்க்குப் போக இடமில்லை. பிளாட்பாரத்தில் போன் சார்ஜ் பண்ணுகிற பிளக்குக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைச் சொருகினாள். சாயங்கால வண்டிக்குத்தான் எலிசாள் வருவாள், நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்ப வண்டி தோதுப்படாது. அதுவரைக்கும் தானாகத் தட்டுவது, தட்டியதைத் திருத்துவது, சோறு சாப்பிடுவது, மறுபடி உட்காருவது. வண்டிகள் வந்துபோயின. மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பக்கங்கள் வரத் தொடங்கின. ராஜையன் முதுகில் வறண்டிருந்த ஓரம் திரும்பக் கசிந்தது.

ஒருநாள் மத்தியானம் அவள் பெஞ்சில் இருக்கும்போது அஜீஷ் பேசினான். குரலில் பழைய மரியாதை திரும்பியிருந்தது.

"பேஜ் எல்லாம் கரெக்டா வருது சேச்சி. தலைமை ஆபீசில சந்தோஷம். வீட்டிலிருந்து வர்க் பண்ணுறது எப்படியுண்டுன்னு கேக்கச் சொன்னாங்க. சேச்சிக்கு சுகமல்லே? லேப்டாப்பு எப்படி?"

அதே சமயம் தலைக்கு மேலே ஒலிபெருக்கி எந்த வண்டியோ தாமதம் என்று மூன்று மொழியில் அறிவித்தது. அது முடியும்வரை செல்லபாய் காத்திருந்தாள். அஜீஷும் காத்திருந்தான். அது என்ன சத்தம் என்று அவன் கேட்கவில்லை.

"யாத்ரைக்குக் கொள்ளாம் சாரே" என்றாள்.

வீட்டில் ராஜையன் சுவரைப் பார்த்துக் கிடந்தான். மாடம்மாள் இன்னும் வரவில்லை.